குசினிச் சுவருக்குள் ஒரு வரலாறு

பழைய வீடொன்றின் குசினியைத் திருத்தியமைக்க எண்ணுகின்றவர் அடுப்பு எத்திசையில் இருத்தல் வேண்டும், பாத்திரம் கழுவும் தொட்டி எந்தச் சாளரத்தின் கீழ் அமைதல் வேண்டும், சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்பனவற்றையெல்லாம் பல நாள் யோசிப்பார். சுவருக்குள்ளே கிடக்கும் நீர்க்குழாயைப் பற்றி அவர் யோசிப்பதில்லை. மேசன் உளியை வைத்து நாலு அடி அடித்து, சாந்து உதிர்ந்து விழுந்த பின்னரே அது கண்ணிற்படுகின்றது. பட்டதும் திகைப்பு உண்டாகின்றது. ஓரிடத்தில் நாகம் பூசிய இரும்புக் குழாய். அதன் முனையில் எவரோ பிற்காலத்தில் ஒட்டவைத்த பிளாஸ்ரிக் குழாய். இரண்டுக்கும் இடையே பச்சை பிடித்த பித்தளை இணைப்பு. இவற்றுக்கு அப்பால், எங்கிருந்து வருகின்றது எங்கே போகின்றது என்று வீட்டுக்காரருக்கே தெரியாத ஒரு குட்டைக் குழாய், வாயில் அடைப்புடன். தொட்டியை அங்கிருந்து இங்கே மாற்றுவதாயின் இவற்றையெல்லாம் என்ன செய்வது?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதாகத் தோன்றலாம். உண்மையில் இதற்கு ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் ஆண்டு வயதுண்டு. அதனை முதன்முதலில் எழுத்தில் வைத்து ஆராய்ந்தவர் உரோமாபுரியின் நீர் அதிகாரி ஒருவர். அவரைப் பற்றிச் சொல்லுமுன் நமது வீட்டு நிலையைச் சிறிது நோக்குவோம்.

குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொல். நம் முன்னோரின் அடுக்களையில் நீர்க்குழாய் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து வளவிலே கிணறு ஒருபுறம், அடுக்களை ஒருபுறம். துலாவிலே பட்டையைக் கட்டி இறைத்த நீர் தோட்டத்துக்குப் போயிற்று. குடத்தில் எடுத்த நீர் அடுக்களைக்குப் போயிற்று. பாத்திரம் கழுவிய நீர் வாழையடிக்குப் போயிற்று. குழாய் என்பதையே இத்தீவு அறியாதிருந்தது என்று இதனால் எண்ணிவிடலாகாது. அநுராதபுரத்துக் குட்டம் பொக்குணைக்குப் போனவர்கள், நிலத்தின் கீழ் வந்த நீர் முதலில் ஒரு சிறு தொட்டியில் தங்கி, மண்டி படிந்து, தெளிந்த பின்னரே குளத்துள் இறங்குமாறு அமைந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த சிகிரியாப் பூந்தோட்டத்தின் நீரூற்றுகள், நிலத்தடிக் கால்வாய்களின் வழி வரும் நீரின் அழுத்தத்தினாலே மாரிக்காலத்தில் இன்றும் எழுகின்றன. ஆயினும் அந்நீர் தோட்டத்துக்கும் தடாகத்துக்கும் சென்றதேயன்றி, அடுப்படிக்குச் செல்லவில்லை. அடுப்படிக்குச் சுவரின் ஊடாக நீரைக் கொண்டுவந்து சேர்த்தது உரோமரின் வேலை. அதிலிருந்து எழுந்த தொல்லைகளும் அவர்களோடுதான் ஆரம்பமாகின்றன.

கி.பி. 97ஆம் ஆண்டில் நேர்வா என்னும் பேரரசன் செக்ஸ்ரஸ் யூலியஸ் புரொன்ரைனஸ் என்பவரை நகரின் நீர்க் காரியங்களுக்குத் தலைவராக நியமித்தான். அவர் முன்னர் பிரித்தானியாவின் ஆளுநராக இருந்து போர் நடத்தியவர். நீர்த்துறையைப் பற்றி அதுவரை எதுவும் அறியாதவர். தமக்குக் கீழுள்ளவர்கள் சொல்வதையே நம்பி நடக்கும் தலைவனைப் போல் இழிவானவன் வேறில்லை என்ற எண்ணத்துடன் அவர் தாமே எல்லாவற்றையும் அளந்து, கணக்கெடுத்து, ஒரு நூலும் எழுதி வைத்தார். உத்தியோகத்தர் எழுதும் அறிக்கைகள் பெரும்பாலும் உறக்கத்தை வருவிப்பன. புரொன்ரைனஸின் நூல் அவ்வாறன்று. களவைக் கண்டுபிடிக்கின்றவனின் உற்சாகம் அதிலே இருக்கின்றது.

அக்காலத்து உரோமாபுரியில் மக்களிற் பெரும்பாலோர் தெருவோரத்துத் தொட்டிகளிலேதான் நீர் எடுத்தனர். வீட்டுக்குள் குழாய் வேண்டுமாயின் பேரரசனின் அனுமதி வேண்டும். அவ்வனுமதி வீட்டுக்குரியதன்று, ஆளுக்குரியது. வீட்டை விற்றாலோ உடையவர் இறந்தாலோ அவ்வுரிமை அற்றுப்போகும். வாங்கியவர் புதிதாக விண்ணப்பித்தல் வேண்டும். நீர் பகிரும் தாங்கியின் சுவரிலே வெண்கலத்தாலான அளவுக் குழல் ஒன்றைப் பொருத்தி, அதில் முத்திரையிட்டு, அதிலிருந்தே வீட்டுக்கான ஈயக் குழாயைத் தொடங்குவார்கள். வெண்கலம் ஏன் என்பதற்கும் புரொன்ரைனஸ் விடை கூறியிருக்கிறார். ஈயம் மென்மையானது, இரவில் ஒருவன் ஒரு கட்டையை உள்ளே செலுத்தி அதன் வாயை அகட்டிவிடலாம். வெண்கலம் எளிதில் வளைந்து கொடாது.

இத்தனை காவலையும் நீர்த் தொழிலாளர் எவ்வாறு வென்றனர் தெரியுமா? புதிய உடைமையாளருக்கு அனுமதி வந்ததும் தாங்கியிலே புதிய துளையிட்டுப் புதிய குழாயைப் பூட்டுவார்கள். பழைய துளையை அடைக்கமாட்டார்கள். அதிலிருந்து வரும் நீரைத் தாமே எடுத்து விற்பார்கள். வழிமாற்றிய குழாய் கண்ணுக்குத் தெரிந்தது. கைவிடப்பட்ட குழாய் மண்ணுக்குள் இருந்துகொண்டு நகரத்தின் நீரைக் குடித்தது. அன்றியும், தெருக்களின் தளவரிசைக்கு அடியிலே இரகசியக் குழாய்கள் பல இடங்களிற் செல்வதையும், பெருங்குழாயில் ஆங்காங்கே துளையிட்டுக் கடைகாரருக்கு நீர் கொடுப்பதற்கென்றே ஒருவன் இருந்ததையும் அவர் கண்டுபிடித்தார்.

ஈயம் என்றேன். நமது மொழியில் இச்சொல் சற்று ஏமாற்றுந் தன்மையுடையது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம். இரசத்தை ஈயச் செம்பில் வைக்கிறோம். அது வெள்ளீயம், அதனால் தீங்கில்லை. குழாய் செய்யப்பட்டது காரீயம், அது நஞ்சு. இலத்தீன் மொழியிலும் இதே நிலைதான். பிளம்பம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வெள்ளைப் பிளம்பம், கறுப்புப் பிளம்பம் என்று அவர்களும் நம்மைப் போலவே நிறத்தால் வேறுபடுத்தினர். குழாய் பொருத்துபவரை இன்று நாம் பிளம்பர் என்று அழைப்பது அந்தக் கறுப்புப் பிளம்பத்தின் பெயரால்தான். ஈயத்தையே காணாத, பிளாஸ்ரிக் குழாயும் பசையும் கொண்டு வேலை செய்யும் நமது ஊர்ப் பிளம்பரும் அந்தப் பெயரைச் சுமந்துதான் திரிகின்றார்.

உரோமர் காரீயத்தை உருக்கித் தகடாக வார்த்து, அதனை ஓர் உருளைக் கட்டையைச் சுற்றி வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்துக் குழாயாக்கினர். பல குழாய்களின் முதுகிலே பேரரசனின் பெயரோ வீட்டுக்காரரின் பெயரோ தொழிலாளியின் பெயரோ புடைத்த எழுத்துகளில் நிற்கின்றது. ஒரு மாளிகை யாருடையது என்பதை இன்றைய ஆராய்ச்சியாளர் சில வேளைகளில் இக்குழாய் எழுத்தைக் கொண்டே துணிகின்றனர். கத்தியால் வெட்டலாம், கையால் வளைக்கலாம், மூலையில் திருப்புவதற்கு இணைப்புத் துண்டு வேண்டியதில்லை. வழிமாற்றுவதற்கு இத்துணை இணக்கமான உலோகம் வேறில்லை. அதன் தீமையை அவர்கள் அறியாதிருந்தனர் என்று கூறுவதும் பொருந்தாது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டிலேயே விட்றூவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், ஈயக் குழாய் நீரிலும் மண் குழாய் நீரே உடலுக்கு நல்லது என்றும், ஈயத் தொழிலாளரின் வெளிறிய நிறமே அதற்குச் சான்று என்றும் எழுதியுள்ளார். படித்தவர்கள் அறிந்திருந்தனர், ஆயினும் வசதி வென்றது.

ஈயத்தைக் குடித்தே உரோமப் பேரரசு அழிந்தது என்று கூறுவோர் உளர். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பழைய துறைமுகத்துச் சேற்றை ஆராய்ந்து, உரோமாபுரிக் குழாய் நீரில் அப்பகுதி ஊற்று நீரிலும் நூறு மடங்கு வரை ஈயம் இருந்திருக்கலாம் என்று கணித்தது. ஆனால், அவ்வளவு ஈயம் ஒரு பேரரசை வீழ்த்தப் போதாது என்றும் அதே ஆய்வாளர் கூறினர். எனக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. உரோமாபுரி நீர் பெரும்பாலும் நில்லாது ஓடிக்கொண்டிருந்தது. அதிலே சுண்ணாம்பும் மிகுதி. அந்தச் சுண்ணாம்பு குழாயின் உட்புறத்தில் ஓடு போலப் படிந்து நீரையும் ஈயத்தையும் பிரித்து வைத்தது. இந்தச் சுண்ணாம்புச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

இனி இலண்டனுக்கு வருவோம். 1237இல் தைபேண் என்னும் இடத்து ஊற்றுகளை நகரத்தார் பெற்று, அங்கிருந்து ஈயக் குழாய் வழியாக நீரைச் சந்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர். அது பொதுநீர். தெருவிலே வந்து எடுத்துச் செல்லலாம், வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாகாது. 1478இல் பிளீற் வீதியைச் சேர்ந்த மெழுகுவர்த்தி வணிகர் வில்லியம் கம்பியன் என்பவர், தம் வீட்டருகே செல்லும் பெருங்குழாயில் களவாகத் துளையிட்டுத் தம் வீட்டுக்கு நீரைத் திருப்பிக்கொண்டார். அகப்பட்டார். அவருக்கு நகரத்தார் விதித்த தண்டனை விசித்திரமானது. தலையிலே நீர்த்தாங்கி போன்ற ஒரு பாத்திரத்தைக் கவிழாமல் வைத்து, அதிலிருந்து சிறு குழாய்கள் வழியாக நீர் அவர்மேல் ஒழுகிக்கொண்டிருக்க, குதிரைமேல் ஏற்றித் தெருத்தெருவாகச் சுற்றி வந்தனர். நீர் குறையக் குறைய மறுபடி நிரப்பினர். குழாயின் வழியை மாற்றிய குற்றத்துக்கு இவ்வளவு பொருத்தமான தண்டனை வேறெங்கும் வழங்கப்பட்டதாக நான் படித்ததில்லை.

நூறு ஆண்டுகள் சென்றபின், கம்பியன் களவாகச் செய்ததைக் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்ற நிலை வந்தது. 1582இல் பீற்றர் மொறிஸ் என்பவர் இலண்டன் பாலத்தின் கீழ் நீர்ச்சக்கரம் அமைத்து ஆற்று நீரை வீடுகளுக்கு ஏற்றினார். 1613இல் ஹியூ மிடில்ரன் என்பவரின் முயற்சியால் ஹாற்பட்சயர் ஊற்றுகளிலிருந்து ஏறத்தாழ 40 மைல் நீளக் கால்வாய் வெட்டப்பட்டு, புதிய ஆறு என்ற பெயருடன் நகரை வந்தடைந்தது. தெருவின் கீழே பெருங்குழாய்கள் மரத்தாலானவை. எல்ம் என்னும் மரத்தின் அடியைத் துளையூசியாற் குடைந்து, ஒரு முனையைக் கூராகச் செதுக்கி அடுத்ததன் வாயிற் செருகுவார்கள். தீப்பிடித்தால் தெருவைத் தோண்டி, மரக்குழாயிலே துளையிட்டு நீரெடுத்து, பின்னர் அத்துளைக்கு மரமுளை அடித்துவிடுவர். மரக்குழாயிலிருந்து வீட்டின் அடித்தளக் குசினிக்குப் போன சிறு குழாய் மட்டும் ஈயம். கிழமையிற் சில நாள், சில மணி நேரமே நீர் வரும். அந்த நேரத்தில் ஈயத்தாலான தொட்டியிலே பிடித்து வைத்துக்கொள்வர். அங்கே அது இரண்டு மூன்று நாள் நின்று, ஈயத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும். உரோமாபுரியில் ஓடிய நீர் இலண்டனில் நின்றது, வேறுபாடு அதுவே.

நீராவி இயந்திரம் வந்தபின் நீரின் அழுத்தம் கூடிற்று, மரம் தாங்கவில்லை. வேர்சேய் மாளிகைத் தோட்டத்துக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அரசன் வார்ப்பிரும்புக் குழாய் போட்டிருந்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் தெருக்களிலும் இரும்பு இறங்கிற்று. சிறிய இரும்புக் குழாய்கள் வந்த கதை வேறு. நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்தபின் மிஞ்சிய துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று திருகி விளக்கு வாயுவைக் கொண்டுசெல்லப் பயன்படுத்தினர். 1825இல் கோணீலியஸ் வைற்கவுஸ் என்பவர் சூடாக்கிய இரும்புத் தகட்டின் விளிம்புகளை ஒரே இழுப்பில் ஒட்டிக் குழாயாக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1837இல் சொறெல் என்னும் பிரெஞ்சுக்காரர் இரும்பை உருகிய நாகத்திலே தோய்த்தெடுத்துத் துருவைத் தடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். நமது ஊர்க் கடைகளில் அரையங்குலக் குழாய் என்று கேட்டு வாங்குகிறோமே, அதனை அளந்து பார்த்தவர் உண்டோ? வெளி விட்டம் முக்கால் அங்குலத்துக்கும் அதிகம். உள்ளே அரையங்குலத் துளை இருந்தால் போதும், சுற்றிலும் கனத்த சுவர் வேண்டும் என்று எண்ணிய பழைய இரும்புக்காரரின் கணக்கு அது. இரும்பு மெலிந்துவிட்டது, பெயர் மெலியவில்லை.

இவ்வளவும் நடந்தபோதும், தெருவிலிருந்து குசினிவரை செல்லும் கடைசிச் சில அடி தூரம் ஈயமாகவே இருந்தது. காரணம் முன்னர் சொன்னதே: வளைந்து கொடுக்கும், நில அசைவைத் தாங்கும். உருகிய பற்றாசை இணைப்பின்மேல் ஊற்றித் துணியால் வழித்து, வழுவழுப்பான முடிச்சாகத் திரட்டுவது பிளம்பரின் கைத்திறனுக்கு உரைகல்லாக மதிக்கப்பட்டது.

1848இல் பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட லூயி பிலிப் மன்னர் குடும்பத்தோடு இங்கிலாந்தில் கிளயர்மொன்ற் என்னும் மாளிகையில் அடைக்கலம் புகுந்தார். சில மாதங்களில் அரச குடும்பத்தாரும் பணியாளரும் பலர் வயிற்று நோவினால் துடித்தனர். மருத்துவர் ஆராய்ந்து, மாளிகைக்கு நீர் கொண்டுவரும் ஈயக் குழாயும் ஈயத் தொட்டியுமே காரணம் என்று கண்டார். வந்த நீர் மிகத் தெளிந்த ஊற்று நீர். அங்கேதான் சூழ்ச்சி. தெளிந்த மென்னீரில் சுண்ணாம்பு இல்லை. ஆதலின் குழாய்க்குள்ளே காப்புப் படலம் படிவதில்லை. ஈயம் நேரே நீரிற் கரைகின்றது.

கிளாஸ்கோ நகரின் கதை இதனை இன்னும் நன்றாக விளக்கும். கொலறா நோயினால் துன்புற்ற அந்நகரம், மலைநாட்டுக் கற்றீன் ஏரியிலிருந்து நீரைக் கொண்டுவரப் பெரும் பணி தொடங்கி, 1859 ஒக்ரோபரில் விக்ரோறியா மகாராணி அதனைத் திறந்துவைத்தார். நகரத்தார் பெருமைப்பட்டது நியாயமே; கொலறாவுக்கு அந்நீர் முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால், மழைநீரையொத்த அந்த மென்னீர், ஈயக் குழாயும் ஈயத் தொட்டியும் நிறைந்த வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு நோயை விரட்டிய நீர் இன்னொன்றை மெதுவாகப் பரிமாறியது. 1978இல் நீருடன் சுண்ணாம்பு சேர்த்தும், 1989இல் பொசுபேற்று உப்பைச் சேர்த்தும் அதனைத் தணித்தனர். ஏரி நீர் வந்ததற்கும் இந்தப் பரிகாரத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கிடக்கின்றது. அதற்குள் வளர்ந்த குழந்தைகளை யார் கணக்கெடுத்தார்கள்? ஈயம் பெரியோரைவிடக் குழந்தைகளின் மூளையையே மிகுதியாகத் தாக்குவது. ஒரு லீற்றர் நீரில் 10 மைக்கிறோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டும் அளவை வைத்திருப்பினும், குழந்தைகளுக்கு எந்த அளவும் தீங்கற்றதென்று கூறுவதற்கில்லை. பிரித்தானியாவில் வீட்டுக் குழாய்க்கு ஈயத்தைப் பயன்படுத்துவது 1970ஐ ஒட்டியே நின்றது.

இலங்கையில் 1880களிலே இலபுகமை நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாக மாளிகாகந்தைத் தாங்கிக்கு வந்த நீர் கொழும்பு நகருக்குப் பகிரப்பட்டது. முதலில் வீதியோரக் குழாயடி, பின்னர் வசதியுள்ளோர் வளவு, அதன்பின்னரே குசினி. நம்மவர் வீடுகளில் நீண்ட காலம் ஆட்சி செய்தது நாகம் பூசிய இரும்பு. அதன் ஆயுள் முடிவது எப்போது என்பதை அது முன்கூட்டியே சொல்லும். காலையில் முதலில் வரும் நீர் செந்நிறமாயிருக்கும். மேல்மாடியில் நீர் நூலாக இறங்கும். உள்ளேயிருந்த நாகம் கரைந்து, துரு முடிச்சு முடிச்சாகத் திரண்டு, அரையங்குலத் துளை ஈர்க்குப் போகும் அளவாகச் சுருங்கிவிட்டது என்பதே பொருள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்து நீராயின் துருவுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு படியும். கேத்திலின் அடியைப் பார்த்தவர்களுக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. 1975இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தோன்றியபின் குழாய் நீர் ஊர்களுக்குப் பரவிய காலம் பிளாஸ்ரிக் குழாயின் காலமுமாகும். எனவே ஒரே குசினியின் சுவரில் மூன்று தலைமுறைக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று பூட்டப்பட்டிருப்பதில் வியப்பில்லை.

இங்கேதான் வழிமாற்றுவோர் பெரும்பாலும் தவறுகின்றனர். பழைய இரும்பை ஓரிடத்தில் வெட்டி அதன் முனையில் செப்புக் குழாயைத் திருகிவிட்டாற் போதும் என்று எண்ணுகின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலோஞா நகரத்துக் கல்வானி என்னும் அறிஞர், இருவேறு உலோகங்கள் தொட்டபோது செத்த தவளையின் கால் துடிப்பதைக் கண்டார். அவர் பெயரைக் கொண்டுதான் நாகம் பூசுவதை ஆங்கிலேயர் கல்வனைசு செய்தல் என்றனர். நாகம் தான் அரிந்துபோய் இரும்பைக் காக்கின்றது. ஆனால் செப்பைக் கொண்டுவந்து சேர்த்தால், அதே விதியின்படி நாகமும் இரும்பும் விரைந்து அரிக்கப்படும். பிரித்தானியக் கடற்படை கல்வானிக்கு முன்னரே இதற்கு விலை கொடுத்தது. 1761இல் அலாம் என்னும் போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பினர். இரண்டு ஆண்டில் திரும்பி வந்தபோது செப்பு பழுதின்றி இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல கரைந்து போயிருந்தன. செப்புத் தகட்டைச் சுற்றி வந்த கபிலக் கடதாசி தற்செயலாக இடையில் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் உறுதியாக நின்றன. இரு உலோகங்களுக்கு நடுவே இன்றைய பிளம்பர் வைக்கும் பிளாஸ்ரிக் துண்டு, அந்தக் கடதாசியின் வழித்தோன்றல். செப்பும் இரும்பும் ஒரே வழியில் வருவதாயின், நீர் முதலில் இரும்பையும் பின்னர் செப்பையும் கடக்கும்படி அமைப்பது முறை. செப்பினூடு வந்த நீர் நுண்ணிய செப்பை எடுத்துவந்து இரும்புக் குழாய்க்குள் வைத்து அதனை அரிக்கும்.

ஈயக் குழாயிற் பாதியை மாற்றுவது இதனினும் கொடிது. அமெரிக்காவில் சிக்காகோ நகரச் சட்டம், 1986இல் நாடு முழுவதும் தடை வரும்வரை, வீட்டு இணைப்புக்கு ஈயத்தையே கட்டாயமாக்கியிருந்தது. வாசிங்ரன் நகரில் 2000ஆம் ஆண்டளவில் கிருமி நீக்கும் மருந்தைக் குளோரீனிலிருந்து குளோரமீனுக்கு மாற்றினர். குழாயின் உட்புறத்தில் பல்லாண்டாகக் குந்தியிருந்த ஈயப் படலம் அதனாற் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் 2014 ஏப்பிரலில் செலவைக் குறைக்கும் பொருட்டு ஆற்று நீருக்கு மாறினர். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. 2015 ஒக்ரோபரில் பழைய நீருக்கே திரும்பினர். அதற்குள் குழந்தைகளின் குருதியில் ஈயம் ஏறிவிட்டது. வாசிங்ரனில் பரிகாரமாகத் தெருப் பக்கத்துப் பாதிக் குழாயை மட்டும் செப்பாக மாற்றிய வீடுகளில் எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை. வெட்டும்போது உதிரும் துகளும், ஈயமும் செப்பும் தொடும் இடத்து அரிப்பும் சேர்ந்து, சில வீடுகளில் ஈயம் முன்னையிலும் கூடிற்று. பாதி மாற்றத்தை நம்பலாகாது என்று 2011இல் அந்நாட்டு அரசின் அறிவியல் ஆலோசகரும் கூறினர்.

சுவரிற் கண்ட குழாய் எது என்று அறிவது கடினமன்று. கத்தியால் மெல்லச் சுரண்டிப் பார்த்தால், ஈயம் மென்மையாக வழிந்து வெள்ளி போல் மின்னும். காந்தம் அதிலே ஒட்டாது. காந்தம் ஒட்டினால் இரும்பு. சுரண்டிய இடம் சதக் காசின் நிறமாயிருந்தால் செப்பு. நமது நாட்டில் பிரித்தானியர் காலத்துப் பழைய கட்டடமொன்றை வாங்கியவர் இச்சோதனையைச் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. இரும்பேயாயினும், பழைய நாகப் பூச்சிற் சிறிதளவு ஈயம் கலந்திருந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். குழாயை மாற்றும்வரை, இரவு முழுதும் நின்ற நீரைக் காலையில் சிறிது ஓடவிட்டு, அதனைப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு, அதன்பின் தேநீருக்கு நீர் பிடித்தல் நன்று.

இறுதியாக அந்தக் குட்டைக் குழாய்க்கு வருவோம். தொட்டி இடம் மாறியதும் பழைய கிளையின் வாயை அடைத்து, மேலே சீமெந்து பூசி, மறந்துவிடுவது மேசன்மாரின் வழக்கம். அடைத்த கிளைக்குள் நீர் நிற்கின்றது, ஓடுவதில்லை. 1976இல் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய முன்னாட் படைவீரரைக் கொன்ற நோய்க்குரிய கிருமியை மறு ஆண்டு தொடக்கத்தில் அறிஞர் இனங்கண்டனர். அங்கே அது காற்றுப்பதனக் கருவிகளின் வழி பரவியதாகக் கருதப்பட்டது. ஆனால் அக்கிருமி இளஞ்சூடான தேங்கிய நீரிலே பெருகுவது என்று தெரிந்தபின், கட்டடங்களில் விடப்பட்ட இத்தகைய முட்டுக் கிளைகளை வேரோடு நீக்கவேண்டும் என்ற விதி பல நாடுகளில் ஏற்பட்டது. வாயை அடைப்பது போதாது; கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி, அங்கே நேர்க்குழாயைப் பூட்டுதல் வேண்டும்.

புரொன்ரைனஸ் தம் பதவிக் காலத்தில் உரோமாபுரியின் நீர்வழிகள் எல்லாவற்றுக்கும் படம் வரைவித்தார். எங்கே பள்ளம், எங்கே ஆறு குறுக்கிடுகின்றது, எங்கே மலைச்சரிவில் குழாய் செல்கின்றது என்பதைத் தம் மேசையிலிருந்தே அந்த இடத்தில் நின்று பார்ப்பது போலப் பார்க்க அது உதவிற்று என்று எழுதினார். நமக்கு ஓவியரை அமர்த்தும் தேவையில்லை. சாந்து பூசுமுன், அளவு நாடாவைச் சுவரிலே பிடித்து, குழாய் செல்லும் வழியை ஒரு புகைப்படம் எடுத்து, வீட்டு உறுதியோடு வைத்துவிட்டால் அடுத்த தலைமுறை ஆணி அடிக்கும்போது பயப்படாது.

களவுக் குழாய்களைத் தெருவின் அடியிலிருந்து அவர் பிடுங்கியெடுத்தபோது, அவற்றின் வழி எத்தனை காலமாக எவ்வளவு நீர் போயிற்று என்பதை அளக்க வழி இருக்கவில்லை. மீட்ட ஈயம் ஏராளமாயிருந்தது. அதனைக் கொண்டே களவின் அளவை மதிப்பிட்டதாக அவர் எழுதியிருக்கிறார்.